விளக்கு வாடை

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு சாம்பல் துகள். கடுகில் பாதி இருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தக்கையைத் திருகி இழுத்தேன். மெல்லிய சீறலோடு வந்தது.

என் அறை ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. ஜன்னல் மேற்கைப் பார்த்தது. தம்ளரில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பாட்டிலுக்குள் கறுப்பாகத் தெரிந்தது, வெயில் பட்டதும் வடிகட்டிய பனைவெல்லப் பாகின் நிறத்துக்கு வந்தது. விளிம்பில் மட்டும் செம்பு. மேலே ஒரு விரற்கடை நுரை, தவிட்டு நிறத்தில். அது அடங்க நான்கு நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. பீரோ கள்ளோ சாராயமோ அதுவரை நாக்கில் பட்டதில்லை. இது பீர் வகைகளில் ஒன்று, பிரவுன் ஏல் என்று பெயர், சீமையிலிருந்து பீப்பாயில் வருவது என்பதெல்லாம் கப்பல் சரக்குப் பட்டியலில் எழுதி எழுதித் தெரிந்தவை. நான் ஒரு தமிழ்த் தினசரியில் கப்பல் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எதில் என்ன ஏறியது, என்ன இறங்கியது. மூன்றாம் பக்கத்தில் கடைசிப் பத்தி. வியாபாரிகள் தவிர அதை யாரும் படிப்பதில்லை. அதே பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் எங்கள் பத்திராதிபர் வாரம் தவறாமல் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தலையங்கம் எழுதுவார். அவர் எழுதியதில் ஒரு வார்த்தையும் எனக்கு மறுப்பில்லை.

மனைவி பிரசவத்தில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தையும் தங்கவில்லை. அறையில் இரண்டு கண்ணாடித் தம்ளர் இருந்தன, ஒன்றுதான் புழக்கத்தில் இருந்தது.

அந்த பாட்டில் என்னிடம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு வடக்கே, சுங்கச்சாவடியிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு இருந்தது. லண்டனிலிருந்து வரும் ஏல் பீப்பாய்களை அங்கே திறந்து, பாட்டிலில் அடைத்து, கிளப்புகளுக்கும் கப்பல்களுக்கும் ரயில்வே சாப்பாட்டு அறைகளுக்கும் அனுப்புவார்கள். திங்கட்கிழமைதோறும் சரக்கு விவரம் கேட்க அங்கே போவேன். விவரம் சொல்கிறவர் கிடங்கு மேஸ்திரி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ராயபுரத்திலேயே பிறந்த கத்தோலிக்கர், பெருத்த உடம்பு, சின்னக் குரல். பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் ஆன சரக்கில் ஒன்றைத் திறந்து ருசி பார்ப்பது அவருடைய வேலை. அவர் பெட்டியின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டால்தான் அது வண்டியில் ஏறும்.

திங்கட்கிழமை காலையில் அவரோடு பேசும் கால் மணி நேரம்தான் அந்த வாரத்தில் நான் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் பேசும் நேரம். அவர் கேலி செய்வார். எங்கள் பத்திரிகை ஊரைத் திருத்திக்கொண்டிருக்கிறது, தம் கிடங்கு அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, நடுவில் நான் இரண்டு பக்கமும் கணக்கெழுதுகிறேன் என்பார். காசிமேட்டில் கூறல் மீனின் வயிற்றிலிருந்து எடுக்கும் காற்றுப்பையை நெட்டி என்பார்கள். அதைக் காயவைத்து லண்டனுக்கு அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதையும் நான்தான் எழுதுவேன். எதற்கு அனுப்புகிறார்கள் என்பதை மேஸ்திரி சொன்னார். அதை ஊறவைத்துப் பீப்பாயில் விட்டால் ஏல் தெளிந்துவிடுமாம்.

"நம்ம ஊரு மீனு போயி தெளிய வெச்சாத்தான் தொரைக்கு பீரு எறங்குது சார்" என்றார்.

கிடங்கின் முற்றத்தில் கூரைச் சார்பின் கீழ் அவருடைய அக்கா உட்கார்ந்திருப்பார். அந்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புதுப் பாட்டில் சீமையிலிருந்து வருவது குறைவு. காலி பாட்டில்களைத்தான் புளியந்தோப்புப் பக்கத்து வியாபாரிகள் வீடுவீடாக வாங்கிக் கைவண்டியில் கொண்டுவந்து போடுவார்கள். வீடுகளில் அந்த பாட்டில்களில் மண்ணெண்ணெய் வாங்கி வைப்பது வழக்கம். என் அறையிலேயே அலமாரியின் கீழ்த்தட்டில் அப்படி ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலைச் சாம்பலும் சலவைச் சோடாவும் போட்டு எத்தனை முறை கழுவினாலும் வாடை முழுக்கப் போகாது. அதில் ஏலை அடைத்தால் கெட்டுவிடும். ஆகவே, பெண்கள் கழுவிக் கவிழ்த்த பாட்டில் ஒவ்வொன்றையும் ஒருவர் முகர்ந்து பார்த்தாக வேண்டும். அந்த ஒருவர் அக்கா.

தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, பாட்டிலின் வாயை மூக்குக்கு நேரே ஒரு கணம் பிடிப்பார். குட்டையாக ஒரு மூச்சு. நல்லது வலப்பக்கக் கூடைக்கு, வாடை உள்ளது இடப்பக்கக் கூடைக்கு. பத்து பாட்டிலுக்கு ஒரு முறை தம் இடது முழங்கையின் உள்பக்கத்தை முகர்ந்துகொள்வார். மூக்கு அலுத்துப்போகாமல் இருக்க அதுதான் வழி என்று மேஸ்திரி சொன்னார். வெற்றிலை, பூ, சாம்பிராணி எதுவும் உதவாதாம். சொந்தத் தோலின் வாசனைதான் மூக்கைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருமாம்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். கணவர் கப்பல் கலாசியாகப் போய் வராதவர். முதலில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தார். சோடா உப்பு கைகளைத் தின்றுவிட்டது. விரல்கள் முழுக்க மடங்காது. கிடங்கை நடத்தும் துரை அவரை முகர்கிற வேலைக்கு மாற்றியதற்குக் காரணம் அந்த மூக்கு. "அதுக்கு மூக்குதான் சார் சோறு" என்று மேஸ்திரி ஒரு தடவை சொன்னார். "அது போச்சின்னா கழுவறதுக்கும் கை இல்ல."

அந்த வருடம் தை மாதம் அக்காவுக்குக் கடுமையான விஷக்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மேஸ்திரி கோயிலில் போய் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். அக்கா பிழைத்தால் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டு நாக்கில் படாது என்று. அக்கா பிழைத்தார். மாசியில் வேலைக்கும் வந்துவிட்டார். தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு மேஸ்திரி என்னைக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

நேர்ச்சையைத் துரையிடம் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். கிடங்கில் யாரிடம் பாட்டிலைக் கொடுத்தாலும் இரண்டாவது வாரம் இரண்டு பாட்டில் கேட்பான். பீப்பாயை மூக்கால் சோதித்துவிடலாம், அடைத்த பாட்டிலை நாக்கால்தான் சோதிக்க முடியும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு பாட்டில் தருவதாகவும் திங்கட்கிழமை நான் பதில் சொன்னால் போதும் என்றும் சொன்னார். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றேன்.

"அதான் சார் வோணும். வெத்தல இல்ல, பீடி இல்ல, குடி இல்ல. உன்னுது சுத்தமான நாக்கு."

இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னார். புளிப்பு இருக்கிறதா, பூஞ்சை வாடை இருக்கிறதா. மூன்றாவதாக ஒன்று உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது அக்காவின் இலாகா. அந்த மூக்கைத் தாண்டி ஒரு பாட்டில் வந்ததாக ஒன்பது வருடத்தில் பேச்சே கிடையாது.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரோ என்னிடம் ஒரு உதவி கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் சனிக்கிழமை அந்த நான்கு நிமிடம் கழித்து ஒரு வாய் எடுத்தேன். கசப்பு. துப்பிவிடலாமா என்று நினைத்தேன். செய்தி எழுதுகிறவன் முதலில் கேட்டதை நம்பக் கூடாது என்று பழக்கப்பட்டவன் ஆகையால் இரண்டாவது வாயை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கசப்பு விலகியது. அதற்குப் பின்னால் வறுத்த வேர்க்கடலையின் செந்தோல். பிறகு ராயபுரம் ரொட்டிக் கிடங்கில் காலையில் முதலில் எடுக்கும் ரொட்டியின் அடிப்பக்கம், கொஞ்சம் கருகினாற்போல. பாகு இருந்தது, தித்திப்பு இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையின் ஓரத்தில் சுண்டைக்காய் வற்றலை நெய்யில் பொரித்தால் வருமே, அந்தச் சாயல். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். புளிப்பு இல்லை, பூஞ்சை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு இன்னொன்று வந்தது. மூக்கின் உள்ளே, மேலே. அரிக்கேன் விளக்கின் திரியைச் சின்னதாக இறக்கும்போது ஒரு கணம் வரும் வாசனை. வந்ததா என்று சந்தேகப்படும்படிதான் வந்தது. மறுபடி ஒரு வாய் எடுத்தேன், மறுபடி வந்தது. என் மனைவி படுக்கப் போகுமுன் விளக்கைத் தணிக்கிறவள். நான் எழுதிக்கொண்டிருந்தால் திரியைப் பாதி இறக்கிவிட்டு, போதுமா என்று கேட்பாள். நோட்டில் "கடைசியில் விளக்கு" என்று எழுதினேன். ஆறரைக்கு பாட்டில் தீர்ந்தது. தலை லேசாக இருந்தது. கீழே ரயில் யார்டில் பெட்டிகளை இணைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போயிற்று.

திங்கட்கிழமை, நன்றாக இருக்கிறது என்றேன். மேஸ்திரி கோடு போட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை கடலைத் தோல் இருந்தது, ரொட்டி இருந்தது, வற்றல் இருந்தது. விளக்கு இல்லை. கடைசி வாய் வரை காத்திருந்து பார்த்தேன். திங்கட்கிழமை, புளிப்பும் பூஞ்சையும் இல்லை, ஆனால் போன வாரத்துச் சரக்கு இதைவிட மேல் என்றேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பீப்பாயை மாற்றினோமா, தக்கை மாறிற்றா என்று தமக்குள்ளே கேட்டுக்கொண்டார். மூன்றாவது வாரம் விளக்கு திரும்ப வந்தது. சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான்காவது வாரமும் விளக்கு இருந்தது.

வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டிருக்க ஆரம்பித்தேன். துறைமுகத்தில் நிற்கும்போது, அச்சுக்கூடத்தில் புரூப் பார்க்கும்போது. ஒரே கஷ்டம், சொல்ல ஆளில்லை. அலுவலகத்தில் சொன்னால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அண்ணனுக்குக் கடிதம் எழுதும்போது இரண்டு தடவை பேனா அந்தப் பக்கம் போனது. கீழ்வீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்துவிடக் கூடாது என்று பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோவேன். மேஸ்திரியிடம் ருசியைப் பற்றி நீட்டிச் சொல்ல முடியாது. அவருக்கு நாவூறும், கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது திங்கட்கிழமைக் குறிப்பில் சரக்கு விவரத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "மே. அக்கா இன்று கையை முகரவில்லை. நாற்பது பாட்டில் பார்த்தேன்." அடுத்த வாரமும் அதே வரி. அவர் பாட்டிலை மூக்குக்குக் கொண்டுபோய், பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்ததையும் எழுதியிருக்கிறேன். பார்த்ததை எல்லாம் எழுதினேன். எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அந்த நான்காவது திங்கட்கிழமைதான், மேஸ்திரி சுங்கச்சாவடிக்குப் போயிருந்தார். மற்றப் பெண்கள் தொட்டிப் பக்கம் இருந்தார்கள். காத்திருக்கையில் அக்காவின் மணைக்கு எதிரே கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அவர் தம்பி என்னிடம் பாட்டில் கொடுப்பது அவருக்குத் தெரியும். "பீரு நல்லா கீதா?" என்று கேட்டார், பேச்சுக்காக. அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு. கடலைத் தோலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார், ரொட்டி என்றபோது சிரித்தார். எல்லாவற்றையும்விட கடைசியில் வருவதுதான் எனக்குப் பிடித்தது, விளக்கைத் தணித்தால் வருகிற வாடை ஒன்று வரும், ஒரு வாரம் வரவில்லை, அந்த வாரம் சப்பென்று இருந்தது என்றேன்.

கையிலிருந்த பாட்டில் மூக்குக்கும் கூடைக்கும் நடுவில் நின்றது.

"விளக்குன்னா? கிருஷ்ணாயிலு விளக்கா?"

ஆமாம் என்றேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது.

அவர் அந்த பாட்டிலை எந்தக் கூடையிலும் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். கழுவுகிற பெண்கள் யாரையோ பற்றிப் பாடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"காய்ச்ச வுட்டதுலேந்து ஒண்ணும் தெரில நைனா. மீனு தெரில, மல்லிப்பூ தெரில. கோயில்ல சாம்பிராணி போடறாங்கோ, பொகதான் கண்ணுல தெரிது. வெளிச்சத்துல புடிச்சா எண்ண இருக்கறது வானவில்லு மாதிரி ஓடும். அத்த வெச்சி ஓட்டிகினு கீறேன்."

தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். சொன்னால் அவன் துரையிடம் பொய் சொல்ல வேண்டிவரும், அதுவும் தபசு காலத்தில், தமக்காக நேர்ந்துகொண்டவன் என்றார். பிறகு, "ஈஸ்டர் வரைக்கும் சொல்லாதே. அதுக்குள்ள திரும்பினாலும் திரும்பும்" என்றார். கெஞ்சுகிற குரலில் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல இருந்தது. நான் சரியென்று தலையை அசைத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை பாட்டிலில் விளக்கு இருந்தது. இப்போது அது என்ன என்று தெரியும். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து என் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்தேன். பிறகு தம்ளரை முகர்ந்தேன். ஒன்று உரக்கச் சொன்னதை மற்றொன்று முணுமுணுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று எழுந்தேன். கொட்டவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மேஸ்திரி வழக்கமான இரண்டு கேள்வியைக் கேட்டார். புளிப்பு இல்லை, பூஞ்சை இல்லை என்றேன். இரண்டும் உண்மை. அவர் கோடு போட்டார். அந்தப் பெட்டிகள் வண்டியில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். ஆறாவது பாட்டில் சுத்தமாக இருந்தது. ஒருவேளை திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்கத் தனியாக வாய்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன், கையை முகரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, முந்தின நாள் கிடைக்காத சரக்கு விவரத்துக்காக நான் கிடங்குக்குப் போனபோது வேலை நின்றிருந்தது. ஒரு கிளப்பிலிருந்து நான்கு பெட்டி, மண்ணெண்ணெய் வாடை என்று திரும்பி வந்திருந்தது. பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். துரை முற்றத்தில் ஒரு மேஜை போடச் சொல்லி, அதன் மேல் பத்து பாட்டிலை வரிசையாக வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் முந்தின நாள் மண்ணெண்ணெய் ஊற்றி, கொட்டி, மூன்று முறை கழுவ வைத்ததாக அவருடைய குமாஸ்தா பிறகு சொன்னார். எது என்று துரைக்கு மட்டும்தான் தெரியும். மேஜையைச் சார்புக்குள் இருட்டில் போட்டிருந்தார். தூக்கிப் பார்க்க வெளிச்சம் இல்லை.

அக்கா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். முதல் பாட்டிலை எடுத்து, குட்டையாக ஒரு மூச்சு, வலப்பக்கம் வைத்தார். இரண்டாவதும் வலப்பக்கம். எங்கும் தயங்கவில்லை. பத்தும் வலப்பக்கம் போயின. முடிந்ததும் இடது முழங்கையை மூக்கிடம் கொண்டுபோனார். முகர்ந்தார். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன்.

துரை ஏழாவது பாட்டிலை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி அதை மூக்குக்குக் கொண்டுபோனதும் அவர் கழுத்து விறைத்தது. இன்னொரு முறை முகரவில்லை. துரை காத்திருந்தார். மேஸ்திரி மேஜையைச் சுற்றி நடந்து போய் அந்த பாட்டிலை இடப்பக்கம் வைத்தார்.

அக்கா மணையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார். துரை குமாஸ்தாவிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெண்கள் தொட்டிக்குத் திரும்பினார்கள். மேஸ்திரி மட்டும் என்னிடம் வந்தார்.

"சனிக்கெழம பாட்டில்ல இது இருந்துச்சா?"

"இருந்தது. ஆறில் நாலில்."

"சொல்லலியே நீ."

எதைச் சொல்வது? முதல் நான்கு வாரம் அது ஏலின் ருசி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கைச் சொன்னால் அக்கா மறைத்தது தெரியும். "நன்றாக இருந்தது என்று நினைத்தேன்" என்றேன்.

அவர் "சுத்தமான நாக்கு" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே போய் அந்த வாரத்துச் சரக்கு விவரத்தை ஒரு காகிதத்தில் எழுதி, குமாஸ்தாவிடம் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் விவரம் வாசலில் காகிதமாகத்தான் வந்தது. நானும் உள்ளே போகவில்லை.

ருசி பார்க்கிற வேலையைத் துரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றும், மேஸ்திரியை மணையில் உட்காரவைத்துவிட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். அந்தப் பெரிய உடம்புக்கு மணை போதவில்லை. பத்து பாட்டிலுக்கு ஒருமுறை முழங்கையை முகர்ந்தார்.

ஆடி மாதம் சம்பளம் வாங்கிய அன்று, மவுண்ட் ரோடில் ஒரு கடையில் அதே ஏல் ஒரு பாட்டில் வாங்கினேன். நானாக வாங்கிய முதலும் கடைசியும் அதுதான். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் திறந்தேன். நுரை அடங்க அதே நான்கு நிமிடம். கடலைத் தோல், ரொட்டியின் அடி, வற்றல். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, எது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. கடைசியில் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நல்ல சரக்கு. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆவணியில் காசிமேட்டுக் கரையில் தோணி ஒன்று தரைதட்டி நிற்கிறது என்று பார்க்கப் போனேன். தோணி அதற்குள் விலகிப் போயிருந்தது. திரும்பும் வழியில் மணலில் நெட்டி காயவைத்திருந்தார்கள். பாய் பாயாக, வெளுப்பாக, மீனின் வயிறு திறந்த நாற்றத்தோடு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும் கட்டவில்லை. அக்கா.

விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நெட்டியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெண்ணிடம், பேப்பர்காரர், நம்ம பேரைப் போட வந்திருக்கார் என்றார். அந்தப் பெண் மூக்குத் துணிக்குள் சிரித்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உடம்புக்கு என்ன, மற்றவர்கள் நாற்றம் தாங்காமல் மாறி மாறி எழுந்து போவார்கள், தாம் விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடிகிறது, அதனால் நெட்டியை மூட்டை கட்டி அனுப்பும் வியாபாரிக்குத் தம்மைப் பிடித்துவிட்டது என்றார். தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நைனா. இப்போ அந்த விளக்கு வாட வருதா?"

இல்லை என்றேன். சுத்தமாக இருக்கிறது.

"அப்போ தம்பி நல்லாத்தான் பாக்கறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நெட்டியை எடுத்தார்.

அன்று மாலை நான் அச்சுக்கூடத்துக்கு அனுப்பிய ஏற்றுமதிப் பட்டியலில் ஒன்பதாவது வரி: மீன் நெட்டி, எட்டு மூட்டை, லண்டன்.